எரிகோவின் ஊற்றில் மீண்ட உயிர்

எரிகோவில் என் மனைவி ஜெர்மேன் என் மடியிலேயே போய்விடுவாள் என்று நினைத்தேன். ஆண்டவர் திருப்பித் தந்தார்.

பெருந்தொற்றுக்கு முந்தின ஆண்டு, மே மாதம். புதுச்சேரியிலிருந்து முப்பத்தொரு பேர் இயேசு வாழ்ந்த திருநாட்டுக்குப் பயணம் போனோம். நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். பஸ் நின்ற இடமெல்லாம் ஆட்களை எண்ணுவேன். குழுத் தலைவர் அருளப்பன், "இன்னா வாத்தியாரே, யாராவது குட்டி போட்டுட்டாங்களா?" என்று கிண்டல் செய்வார்.

எருசலேமிலிருந்து பஸ் இறங்கிக்கொண்டே இருந்தது. வழியில் 'கடல் மட்டம்' என்று ஒரு பலகை. புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் கடலோரம் வசிக்கும் எனக்கு, அதற்குக் கீழே நிலமே கிடையாது. நாங்களோ அங்கிருந்தும் இருநூற்றைம்பது மீட்டர் இறங்கினோம். காது அடைத்தது. பாலைவனத்தின் நடுவே, பேரீச்சை மரங்களோடு பச்சையாக எரிகோ! பழைய நகரம் புதைந்த மேட்டில் ஒரு கல் கோபுரம். வயது ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகள். விவிலியத்தில் வரும் யோசுவா இந்த நகரைப் பிடிக்க வந்தபோதே அது பழங்கதை. அதன் கல் வரிசைகளை எண்ணத் தொடங்கினேன்.

அப்போதுதான் ஜெர்மேன் சரிந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாங்க. இன்னிக்கி எலிசா ஊத்துத் தண்ணியதான் மொதல்ல குடிப்பேன்னு வேண்டிக்கினேன். உங்க நெஞ்சுவலிக்காக."

வேளாங்கண்ணிக்கு நடக்கும்போதும் இப்படித்தான் வாயைக் கட்டுவாள். இந்த ஊர் வெயில் அவளுக்குத் தெரியவில்லை. அதற்குமேல் பேச்சும் நின்றது. "ஆண்டவரே, எனக்காக இவளா?" என்று கதறினேன்.

மேட்டடி நிழலுக்குத் தூக்கிவந்தோம். முக்காடிட்ட கடைக்காரப் பெண் ஒருத்தி ஓடிவந்து, குவளைத் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கினாள். ஜெர்மேன் உதட்டைத் திறக்கவில்லை. அந்தப் பெண் எதிரே கைகாட்டி ஏதோ சொன்னாள். வழிகாட்டியிடம் கேட்ட அருளப்பன் கத்தினார்:

"வாத்தியாரே, அந்த ஊத்து தோ எதிர்லதான் இருக்குது! இது அந்தத் தண்ணியேதானாம்!"

அதையே ஜெர்மேன் காதில் கத்தினேன். வாய் திறந்தது. கரண்டி கரண்டியாக ஊட்டினாள் அந்தப் பெண். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே ஜெர்மேன் என் கையைப் பிடித்தாள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. விவிலியத்தில், கெட்டுப்போன இந்த ஊற்றை நல்ல தண்ணீராக்க இறைவாக்கினர் எலிசா போட்டதும் உப்புதான். அதே ஊர், அதே ஊற்று, அதே உப்பு.

நெஞ்சுவலி இன்னும் வருகிறது. பயம் வருவதில்லை. அன்பானவர்களே, இத்தனை தாழ்ந்த ஊருக்கும் ஆண்டவர் வற்றாத ஊற்றைத் தந்திருக்கிறார். நீங்கள் எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும், அங்கிருந்தே அவரைக் கூப்பிடுங்கள்.