ஆடாதீங்க அண்ணனும் சத்தம் போடாத கேமராவும்

எங்கள் தெருமுனையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு 'ஆடாதீங்க' அண்ணன் என்று பெயர். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்களை 'ஆடாதீங்க' என்று அதட்டிச் சிலையாக உட்காரவைத்துவிட்டு, விளக்குக்கும் திரைக்கும் நடுவே தான் மட்டும் ஆடிக்கொண்டே இருப்பார். கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலி கிடையாது.

"இவர் உட்கார்ந்து நான் பார்த்தது எங்க கல்யாண ஆல்பத்துலதான்" என்பார் அண்ணி.

சிறுநீரகக் கல்லைத் தேடி அண்ணனுக்கு ஸ்கேன் எடுத்தபோது வேறொன்று அகப்பட்டது. வயிற்றிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய ரத்தக் குழாய் ஓரிடத்தில் பலூன்போல வீங்கியிருந்தது. வெடித்தால் ஆள் அவ்வளவுதான். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், தொடையிடுக்கில் சின்னத் துளை போட்டு, துணி சுற்றிய கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட்டை உள்ளே நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் வீக்கத்துக்குப் பக்கத்திலேயே பிட்டத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கிளை ஒன்று பிரிகிறது. அது அடைபட்டால் கொஞ்சம் நடந்தாலே பிட்டம் வலிக்கும், அங்கங்கே உட்கார வேண்டிவரும்.

"உட்காரணுமா?" அண்ணன் முகம் வெளுத்தது. வெடிக்கும் என்றபோதுகூட இப்படி வெளுக்கவில்லை.

ஆபரேஷன் மேசையில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். காலை ஆட்ட வழியில்லாததால் கைவிரல்களை ஆட்டினார்.

"படம் எடுக்கறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஆடாம இருங்க" என்றார் எக்ஸ்ரே டெக்னீஷியன் அம்மா. யாரிடம் போய்!

பிடித்தார். எங்கோ தட்டில் கத்தரி 'டிக்' என்று விழுந்தது. கடையில் கேமரா 'டிக்' அடித்ததும் மற்றவர்களை மூச்சு விடச் சொல்லியே பழகியவர், தானும் விட்டுவிட்டார். படம் கலங்கியது. கிளை எங்கே பிரிகிறது என்றே தெரியவில்லை.

"யாருங்க விடச் சொன்னா?"

"டிக்னு கேட்டுச்சேம்மா."

"இந்த மெஷின் டிக் அடிக்காதுங்க."

"அப்போ எடுத்தாச்சுன்னு எப்படித் தெரியும்?"

டாக்டர் நிமிராமலே கேட்டார்: "உங்க கடையிலயும் இவ்ளோ கேள்வி கேப்பாங்களா?"

"கேட்டா வெளிய அனுப்பிருவேன் சார்."

"எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே."

அந்த அம்மாதான் வழி கண்டார். "நானே வாயால 'டிக்'னு சொல்றேன். அதுக்கு முன்னாடி விட்டீங்க, அப்புறம் உட்கார்ந்துதான் கடை நடத்தணும்."

அண்ணன் உறைந்தார். விரல்கூட அசையவில்லை.

"டிக்!"

படம் கண்ணாடியாக விழுந்தது. ஸ்டென்ட் சரியான இடத்தில் விரிந்தது. கிளைக்கும் தனிக்குழாய் வைத்து ரத்தம் ஓடவிட்டார்கள். திரையில் அதைக் காட்டினார் டாக்டர்.

"இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு எடுத்திருக்கலாம்" என்றார் அண்ணன்.

மறுநாள் நடக்கலாம் என்றதும் வார்டு வராந்தாவில் போனார், வந்தார், மறுபடி போனார். அண்ணி கட்டிலிலிருந்து கத்தினார்: "என்னங்க, வலிக்குதா?"

"துளிகூட இல்ல!"

"அப்போ வந்து உட்காருங்க."

"உட்கார்ந்தா வலிக்குமோ என்னமோ, எதுக்கு வம்பு" என்று அடுத்த சுற்றுக்குக் கிளம்பினார்.