பதினான்கு பேருக்கும் நானே போட்ட டிக்

திருவெறும்பூர் பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். மற்றவர்கள் செய்த வெல்டிங்கில் குறை கண்டுபிடிப்பது வேலை. அதற்காகத் தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி, இரண்டு பஸ் மாறிப் போகிறேன். என் குறைகளைக் கண்டுபிடிக்க வீட்டில் யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இரும்பு விஷயத்தில் நான் கறார். மனிதர்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. என் பிரிவில் பதினான்கு பேர். வருடா வருடம் அவர்களுக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். எல்லோருக்கும் மூன்று போடுவேன். நாலு போட்டால் ஏன் என்று நான்கு வரி எழுதச் சொல்வார்கள். இரண்டு போட்டாலும் அதே. மூன்றுக்கு மட்டும் யாரும் காரணம் கேட்பதில்லை. எனக்கு மேலே இருப்பவரும் இதைக் கண்டுபிடித்திருந்தார். எனக்கும் பல வருடங்களாக மூன்றுதான்.

எங்கள் பிரிவில் படிவம் என்றால் அது என்னிடம் வந்துவிடும். பாதுகாப்புப் பயிற்சி எப்படி இருந்தது, கேன்டீன் சாம்பார் எப்படி இருந்தது, எதுவானாலும் பதினான்கு பேருக்கும் நானே டிக் போட்டு, என்னுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன். அவர்களுக்கு எழுத அலுப்பு. எனக்கு எழுத ஆசை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனநலப் படிவம் வந்தது. முப்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘எப்போதும்’ வரை நான்கு கட்டம். சாப்பாட்டு நேரம். எல்லோரும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“சார், எனக்கு மனசே இல்லன்னு போட்டுருங்க.”

“அதைத்தான்டா உன் பொண்டாட்டியும் சொல்லுது!”

“எனக்கு எப்பவும் சந்தோஷம்னு போட்டுறாதீங்க சார். வீட்ல தெரிஞ்சா, அப்படி என்ன சந்தோஷம்னு கேள்வி வரும்.”

நான் ஏனோதானோவென்று போடுகிற ஆள் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் மாட்டிக்கொள்வோமே. ஒருவருக்கு எப்போதாவது தலைவலி வைத்தேன். இன்னொருவருக்கு மாதக் கடைசியில் மட்டும் லேசான கவலை. ஆளுக்கு ஒரு குணச்சித்திரம். என் எழுத்தில் யாரோ முழுதாக உட்கார்ந்து படித்த ஒரே புனைவு அதுதான்.

ஒரு தாள் குறைந்தது. வையம்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவன், முப்பத்தைந்து வயதிருக்கும், கிரைண்டிங் பார்ப்பவன், காட்டூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். அவன் மட்டும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

“குடு தம்பி, நேரமாச்சு” என்று பையிலிருந்து நானே எடுத்தேன். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது கேள்விக்கு மட்டும் அவனே டிக் போட்டிருந்தான். காலையில் எழுந்ததும் ‘இந்த நாள் எதற்கு?’ என்று தோன்றுகிறதா என்பது கேள்வி. டிக் ‘எப்போதும்’ என்ற கட்டத்தில் இருந்தது.

“என்னப்பா, பேனா வழுக்கிடுச்சா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் ஒயிட்னரை எடுத்து அந்த டிக்கின் மேல் பூசி, காய ஊதி, ‘ஒருபோதும் இல்லை’யில் போட்டேன். தூக்கம் நன்றாக வருகிறதா என்ற கேள்விக்கு யோசிக்கவே இல்லை. தினமும் சாப்பிட்டதும் அட்டையை விரித்துப் படுத்துத் தூங்குகிறவன். ‘எப்போதும்.’

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. கம்பெனியிலேயே மகிழ்ச்சியான பிரிவு நாங்கள்தான். ஷீல்டு கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அடுத்த வியாழக்கிழமை ஒரு மனநல ஆலோசகர் வருவார், கவலைக்கான மார்க் அதிகமாக வந்தவர்களை மட்டும் தனியாகப் பார்ப்பார் என்றார்கள். எங்கள் பிரிவிலிருந்து ஒரு பெயரும் பட்டியலில் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை அவன் என் மேசைக்கு வந்து நின்றான்.

“சார், அந்த மேடம் நம்ம செக்‌ஷன்ல யாரைக் கூப்பிடுறாங்க?”

“யாரையும் இல்லப்பா. நாமதான் ஃபர்ஸ்ட்டாச்சே.”

“மூணாவது கேள்விக்கு நான் போட்டிருந்தேன்ல சார்.”

“ஆமா. தப்பா விழுந்துருச்சேன்னு...”

“தப்பா விழல சார்.”

அப்போது என் கையில் ஒரு வெல்டிங் துண்டு இருந்தது. விரிசல் பார்ப்பதற்குச் சிவப்பு மருந்து அடித்து, துடைத்து, அதன்மேல் வெள்ளை மருந்து பூசுவோம். உள்ளே விரிசல் இருந்தால் அந்த வெள்ளையில் சிவப்பாகக் கோடு எழும்பி வரும். இருபத்தாறு வருடமாக நான் வெள்ளை பூசியதெல்லாம் விரிசலைப் பார்ப்பதற்கு. மறைப்பதற்குப் பூசியது அந்த ஒரு தடவை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு சார். ராத்திரி பூரா ரூம்ல ஃபேனையே பாத்துக்கிட்டுக் கெடப்பேன். மத்தியானம் இங்க நீங்கள்லாம் பேசிச் சிரிச்சுக்கிட்டு இருப்பீங்கள்ல, அந்தச் சத்தத்துலதான் கொஞ்சம் கண்ணு அசரும்.”

“வீட்ல சொன்னியா?”

“ஊர்ல சொன்னா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. வேற யாரும் கேக்கல சார். அந்தப் பேப்பர்லதான் கேட்டிருந்துச்சு. அதான் போட்டேன்.”

கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தேன். “வா” என்று அவனைக் கூட்டிக்கொண்டு ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். அங்கே இருப்பவர் என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவர்.

“இவரையும் அந்த மேடம் பாக்கணும்.”

“லிஸ்ட்ல பேர் இல்லையே சார்.”

“லிஸ்ட் தப்பு. எங்க செக்‌ஷன் படிவமெல்லாம் நான் உக்காந்து எழுதினது.”

“பதினாலுமா?”

“பதினஞ்சு. என்னோடதையும் சேத்து.”

“சார், போட்டோ மேலிடத்துக்குப் போயாச்சு.”

“தெரியும். அதுல பல்லைக் காட்டிக்கிட்டு நடுவுல நிக்கிறது நான்தான்.”

எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். ஷீல்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்த வருடம் எனக்கு ஐந்துக்கு இரண்டு. எனக்கு மேலே இருப்பவர் முதல் தடவையாக நான்கு வரி விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. படித்துப் பார்த்தேன். ஒரு வரியிலும் தவறில்லை.

அந்த வியாழக்கிழமை ஆலோசகர் அவனைக் கடைசியாக உள்ளே கூப்பிட்டார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பையில் ஒரு புத்தகம் இருந்தது, எப்போதும் இருக்கும். எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கதவுக்குப் பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஆலோசகர் அவனோடு வெளியே வந்தார். “இவர் இந்த வாரமே டாக்டரைப் பாக்கணும். தள்ளிப் போடாதீங்க. கொஞ்ச நாளைக்குத் தனியா ரூம்ல இருக்க வேண்டாம். ஊர்ல இருந்து அண்ணனை வரச் சொல்லியிருக்கோம்” என்றார். பிறகு, அவனிடம் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “ரொம்ப நாளா ஓட்டிட்டு இருந்திருக்கார்.”

மறுநாள் காலை அண்ணனோடு வந்தான். டவுனில் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார்கள். லீவு சீட்டை என் மேசையில் வைத்தான். காரணம் என்ற இடம் காலியாக இருந்தது.

“என்ன சார் போடுறது?”

என் கை தானாகப் பேனாவை எடுத்துவிட்டது. “வயித்து வலின்னு போட்டுருவோமா?” என்று வாய் வரை வந்தது. வெகு காலமாக யாருக்கு என்ன வலி என்பதை நான்தானே முடிவு செய்து வந்திருக்கிறேன்.

பேனாவை அவனிடம் கொடுத்தேன்.

அவன் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். கிரைண்டர் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போன கை. ‘மனசு சரியில்லை. டாக்டரைப் பார்க்க’ என்று எழுதி முடிக்க வெகு நேரம் ஆனது. அதுவரைக்கும் நான் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடித்ததும் வாங்கி, கீழே கையெழுத்து மட்டும் போட்டேன்.