பிஹியின் தங்கை

கூம்பாக வார்த்த சீனிக்கட்டியின் முனையைச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, அடுத்த தட்டுக்குக் கையை ஓங்கிய நேரத்தில்தான் துதாவுக்குச் செய்தி வந்தது. அவள் சீனி உடைக்க ஆரம்பிப்பது எப்போதும் அந்த நேரத்தில்தான். கீழே அக்ரூட் மரத்தடியில் மராகேஷ் சுற்றுலா வேன் வந்து நின்று, கதவு திறக்கும் ஓசை கேட்க வேண்டும். அதற்கடுத்து வழிகாட்டி பிஹியின் குரல் கேட்கும். பாதி ஏற்றத்திலேயே, "தங்கச்சி, தண்ணி கொதிச்சிருச்சா?" என்பார். அன்று ஏறி வந்தது டிரைவர் மூலூத். இத்தனை வருடத்தில் வேனை விட்டு நகர்ந்தறியாதவன்.

"பிஹி அண்ணன் ராத்திரி தூக்கத்திலயே மவுத்தாயிட்டாரு. மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சு அடக்கம்," என்றான். பிறகு, பயணிகள் மேலே வந்துகொண்டிருக்கிறார்கள், கம்பெனி வேறு வழிகாட்டியை அனுப்பியிருக்கிறது என்றும் சொன்னான். இரண்டையும் ஒரே குரலில் சொன்னான். மூலூத்துக்கு இருப்பது ஒரு குரல்தான். கல்யாணத்துக்கும் அதுதான், டயர் பஞ்சருக்கும் அதுதான்.

துதா நாற்பதைத் தாண்டியவள். கணவன் கசபிளாங்காவில் கட்டட வேலை பார்க்கிறான், பெருநாளைக்கு வருவான். மலைப் பள்ளத்தாக்குகளைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் பயணமாக வரும் வெளிநாட்டவர்கள், மலைவாசிகளான 'பெர்பெர் வீட்டில் தேநீர்' குடிப்பது இவள் வீட்டில்தான். வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளைப் பார்த்தே கூட்டத்தை எடைபோட்டுவிடுவாள். தடித்த நடைச்செருப்பு என்றால் ரொட்டி கூடுதலாகப் போகும். வெள்ளைக் காலணி என்றால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் எண்ணெயைத் தொட மாட்டார்கள். அவளுக்குத் தெரிந்த அயல்மொழிச் சொல் 'குட்' ஒன்றுதான். நன்றி, போய் வாருங்கள், கழிப்பறை அந்தப் பக்கம் எல்லாவற்றுக்கும் அதையே சொல்வாள்.

பிஹி அவள் உடன்பிறந்தவர் அல்ல. துதா கணவாய்க்கு அப்பாலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. புருஷன் ஊரில் இல்லாத வீட்டுக்குள் அந்நிய ஆட்களை அழைத்து வருகிறோமே என்று, முதல் நாளே பிஹி வாசலில் நின்று ஊருக்குக் கேட்கிற மாதிரி, "இது என் தங்கச்சி வீடு," என்று சொல்லிவிட்டார். ஊர் சிரித்தது, ஒப்புக்கொண்டது. பிஹியின் மனைவி இஜ்ஜா மட்டும் அஸ்னி சந்தையில் கண்டால் விடமாட்டாள். "என்ன நாத்தனாரே, என் புருஷன் உன் வீட்டுல டீ குடிச்சு டீ குடிச்சு என் டீயைக் குறை சொல்றாரே?" என்பாள். அது கேலியா குத்தலா என்று துதாவுக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

அவளுக்குப் பிடிபடாதது இன்னொன்றும் உண்டு. அவள் தேநீரைத் தூக்கி ஊற்றும்போது பிஹி அவளைக் காட்டி வந்தவர்களிடம் ஏதோ ஒரு கதை சொல்வார். எல்லாரும் கணவாயைத் திரும்பிப் பார்ப்பார்கள். யாராவது ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கடைசி கிளாஸின்போது எல்லாரும் அவள் கால்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். துதாவும் சிரிப்பாள். என்னதான் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "நல்லதாத்தான் சொல்றேன். நீ ஊத்து," என்று முடித்துவிடுவார்.

அன்று வந்த புது வழிகாட்டி யூபா பட்டணத்துப் பையன். அடுப்படிக்கே வந்து, மன்னிப்புக் கேட்கிறவனைப் போல நின்றான்.

"அக்கா, இங்க பிஹி அண்ணன் ஒரு கதை சொல்வாராமே. அது நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. என்ன கதைன்னுதான் யாருக்கும் தெரியல. நீங்க சொல்லிக்குடுத்தா அப்படியே சொல்லிடுவேன்."

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"உங்களைப் பத்தின கதைதானே?"

துதா யோசித்தாள். எங்கே கணவாயைப் பார்ப்பார்கள், எங்கே கண்ணைத் துடைப்பார்கள், எங்கே சிரிப்பார்கள் என்பது மட்டும் தெரியும் என்றாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டு போய் என்னவோ சொன்னான். அவள் வழக்கமான இடத்தில் கெண்டியை உயர்த்தினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரும் அவள் கால்களையும் பார்க்கவில்லை. குடித்துவிட்டு நன்றாக இருந்ததென்று கும்பிடாத குறையாகச் சொல்லிப் போனார்கள். மிச்சத்தை அவள் வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது, சீனியே போடவில்லை.

மூலூத் இன்னும் வாசலில் நின்றான்.

"இஜ்ஜா அக்கா சொல்லியனுப்பினாங்க. நாத்தனாரை வரச் சொல்லுன்னு."

"எப்படிச் சொன்னா?"

"சொன்னாங்க."

"அழுதுக்கிட்டா? கோவமாவா?"

"வாயாலதான் சொன்னாங்க," என்றான் மூலூத்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் முழுச் சீனிக் கூம்பு ஒன்றைக் கொண்டுபோவார்கள். அந்த வீட்டுப் பெண்கள் கொண்டுபோவதில்லை. வருகிற கூம்புகளை வாங்கி அடுக்குவதுதான் அவர்கள் வேலை. துதா மேல்தட்டிலிருந்து நீலத்தாள் பிரிக்காத கூம்பை எடுத்தாள். சால்வைக்குள் வைத்தாள். வாசல்வரை போனாள். சீனியோடு போனால் அயல்வீட்டுக்காரி. இதோடு போய், தங்கை எங்கேயாவது சீனி தூக்கி வருவாளா என்று இஜ்ஜா கேட்டால்? இல்லாமல் போய், நீ யாரென்று பிஹியின் சொந்தத் தங்கைகள் கேட்டால்? திரும்பி வந்து கூம்பைத் தட்டில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று மூலூத் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

கடைசியில் கூம்பை மேல்தட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள். பிஹியின் ஊருக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில், ஊர்ப் பெண்கள் பார்க்க, இரண்டு கைகளையும் சால்வைக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள். அடுப்படியில் காலையில் எடுத்த கூம்பு விரித்த தாளின் மேல் கிடந்தது. அதன் முனை மட்டும் பெயர்ந்திருந்தது. மீதி உடைபடவில்லை.