பாத்திரக்கடை ஈயம்

மாடி வீட்டு ஸ்டீபன் சார் ஓய்வு பெற்ற கையோடு ரேடியோ செய்யக் கிளம்பியிருக்கிறார். போன வாரம் கம்பிகளைப் பற்றவைக்கும் ஈயத்தில், அதாவது சால்டரில், நான்கு சுருள்களைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பி, எதை வாங்கலாம் என்று கேட்டார். அறுபதுக்கு நாற்பது வாங்குங்கள் என்று எழுதினேன். வெள்ளீயம் அறுபது பங்கு, காரீயம் நாற்பது. கம்பி மெல்லிசாக இருக்கட்டும், பற்று நன்றாகப் பிடிக்க உதவும் ரோசின் என்ற மரப்பிசின் அதற்குள்ளேயே இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். காரீயம் கலக்காததும் கிடைக்கிறது, ஆனால் அதை உருக்கச் சூடு ஜாஸ்தி வேண்டும். கடைசியில், ஓட்டை அடைக்கத் தடவுகிற பாத்திரக்கடைப் பசையை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள் என்றும் சேர்த்தேன். அவர் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரோசின் உருகும்போது வரும் புகை குங்கிலியம் போல மணக்கும். பாத்திரக்கடைப் பசையின் புகை அப்படியல்ல. புளித்து, தொண்டையைக் கரிக்கும். அந்தப் புகையை நான் ஒரே ஒருமுறைதான் முகர்ந்திருக்கிறேன், வெள்ளிமலையில்.

அங்கே அறிவியல் டீச்சராகப் போனபோது எனக்கு இருபத்து நான்கு வயது. செல்போன் கோபுரம் மலை ஏறாத காலம். என் பெட்டியில் நான்கு புடவையும் ஈயத்தை உருக்கும் ஒரு சால்டரிங் அயர்னும் இருந்தன. மற்றப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள், நான் பழைய ரேடியோக்களைப் பிரித்துப்போட்டு, பாதியை மட்டும் திரும்பச் சேர்ப்பேன். எனக்கு ஒரு அறையை வாடகைக்குக் கொடுத்தவர் ராமாயி அக்கா. நாற்பது வயதிருக்கும். அவர் கணவர் சின்னையன் மிளகு பறிக்கக் கேரளா போய் இரண்டு வருடமாகிவிட்டது. முதலில் இரண்டு கடிதம் வந்ததாம். அப்புறம் ஒன்றுமில்லை.

அக்கா பின்கட்டில் அடுப்பு ஓரமாகப் படுப்பார். தகரக் கூரையில் மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கணவர் வந்து கதவைத் தட்டி, தனக்குக் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்பது அக்காவின் ஓயாத கவலை. நான் ஒரு மணி செய்து தருகிறேன் என்றேன். வாசலில் பொத்தான், அடுப்பங்கரையில் ஸ்பீக்கர், நடுவில் விரலகலப் பலகையில் நாலைந்து சாமான்கள். எனக்கு அது பெரிய விஷயமே இல்லை என்கிற மாதிரி சொன்னேன்.

சனிக்கிழமை கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். வழக்கமான ரேடியோ கடை பூட்டியிருந்தது. மலைக்குத் திரும்பும் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. எதிரே இருந்த பாத்திரக்கடையில் ஓட்டை அடைக்கும் ஈயமும், அதோடு தடவும் பசையும் இருந்தன. இது ரேடியோ வேலைக்கு ஆகுமா என்று கேட்டேன். "ஈயம் ஈயந்தாங்க. அதுல இன்னா வித்தியாசம்?" என்றார் கடைக்காரர். எட்டாம் வகுப்புக்கு உலோகம் நடத்துகிற நானும் தலையாட்டிவிட்டு வாங்கிவந்தேன்.

மணி நன்றாகத்தான் பாடியது. அக்கா பத்துத் தடவை அழுத்திப் பார்த்தார்.

ஐப்பசி மழை தொடங்கியது. ஒருநாள் விடிகிற நேரத்தில் மணி அடித்தது. அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வெளியே பனிமூட்டம், ஆள் இல்லை. மறுநாளும் அதே நேரம். மூன்றாம் நாள் அக்கா வாசலில் செம்பில் வெந்நீர் வைத்திருந்தார்.

"அவருதான் வந்துகினு போறாரு டீச்சர். உள்ள வர கூச்சப்படறாரு" என்றார்.

உண்மையிலேயே யாராவது அழுத்துகிறார்களா என்று சோதிக்க நினைத்தேன். அன்று மாலை, அக்கா தண்ணீருக்குப் போயிருந்தபோது பொத்தானின் இரண்டு கம்பிகளையும் வெட்டிவிட்டேன். விடியற்காலை மணி அடித்தது. போர்வைக்குள் கிடந்தபடி, கம்பியே இல்லாத பொத்தானை யார் அழுத்துகிறார்கள் என்று யோசித்துக்கொண்டு, அக்கா தாழ்ப்பாளை இழுக்கும் ஓசையைக் கேட்டேன். எழுந்து போகத் தைரியமில்லை.

வெளிச்சம் வந்ததும் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். பற்றவைத்த இடமெல்லாம் பச்சைப் பொருக்கு. அந்தப் பசையில் அமிலம் இருக்கிறது, ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, அந்த ஈரத்தின் வழியாக மின்சாரம் கசிந்து மணியை எழுப்புகிறது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அப்படியே அக்காவிடம் ஓடினேன். ஆள் யாருமில்லை, ஈரம்தான், தப்பான ஈயம்தான், அந்த மணியை நம்ப வேண்டாம் என்று விளக்கினேன். பச்சைப் பொருக்கைக்கூடக் காட்டினேன். அக்கா பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். வாசலில் இருந்த செம்பை எடுத்து உள்ளே வைத்தார். அதன் பிறகு என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். பலகையைத் திரும்ப மாட்டிவைத்தேன், ஆனால் மணி அடித்தாலும் அக்கா எழுவதில்லை.

மழை விட்டதும் கள்ளக்குறிச்சி போய் ரோசின் வைத்த நல்ல கம்பி வாங்கிவந்தேன். பலகையை ஸ்பிரிட்டால் தேய்த்துக் கழுவி, எல்லாவற்றையும் புதிதாகப் பற்றவைத்தேன். பொத்தானுக்கும் கம்பி கொடுத்தேன். ஒவ்வொரு பற்றும் வெள்ளிப் பொட்டுப்போல மின்னியது. அக்கா அப்போது கொல்லையில் இருந்தார். மணி சரியாகிவிட்டது, இனி ஆள் அழுத்தினால்தான் அடிக்கும் என்று போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முகம் கொடுத்துப் பேசாதவரிடம் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கக் கூச்சமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைகள் போய்க்கொண்டே இருந்தன.

மாசி மாதம், நல்ல வெயில். பள்ளியிலிருந்து மத்தியானம் திரும்பியபோது எதிர் வீட்டு வெள்ளச்சி என்னை வழிமறித்தார். காலையில் ஒரு ஆள் தோளில் பையோடு வந்து வாசலில் நின்றானாம். மணியை அழுத்தினான், கொஞ்சம் நின்றான், மறுபடி அழுத்தினான். கதவு திறக்கவில்லை. சரிவில் இறங்கிப் போய்விட்டான். முதுகுதான் தெரிந்தது என்றார்.

"நடை சின்னையன் நடை மாதிரிதான் இருந்துச்சுங்க. ஆனா சொல்ல முடியல."

அக்கா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததா என்று கேட்டேன்.

"ரெண்டு வாட்டி அடிச்சுது. ஈரந்தான டீச்சர்" என்றார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் சொன்னேன். மணியைச் சரிசெய்ததை, வெள்ளச்சி பார்த்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். முறம் அப்படியே நின்றது. அக்கா எழுந்து, செருப்புகூடப் போடாமல் சரிவில் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பஸ் நிற்கும் இடத்தில் விசாரித்தோம். அன்று காலை பஸ் பழுதாகி மலை ஏறவே இல்லையாம். ஜீப்காரர்கள் அப்படி ஒருவரை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடம் நான் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

அன்று முதல் அந்த வீட்டுக் கதவு சாத்தப்படவில்லை. இரவும் பகலும் திறந்தே கிடந்தது. விடியலில் பனிமூட்டம் நேராக அடுப்பங்கரைவரை வந்து உட்காரும். சில நாள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து அக்கா மெதுவாகப் பேசுவது கேட்கும். யாரோடு என்று நான் கேட்டதில்லை. அடுத்த வருடம் தியாகதுருகத்துக்கு மாற்றல் கிடைத்து இறங்கிவிட்டேன்.

போன கோடையில் வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். அந்த இடத்தில் இரண்டு மாடிக் கட்டிடம் நிற்கிறது. வெள்ளச்சி இறந்துவிட்டாராம். நான்கைந்து பேரிடம் ராமாயி என்று பெயர் சொல்லிக் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கதவு சாத்தாத வூடா?" என்றார். அதுதான் என்றேன். அவங்க எங்கே போனாங்க என்று கேட்டேன்.

"தெரியலீங்க. ஒருநா காலைல பாத்தா கதவு சாத்தியிருந்துச்சு. தொறந்து பாத்தா உள்ள யாரும் இல்ல."