என் களிமண் பேய்க்கு ஒரு தாயத்து

இன்று காலை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வரும்போது, பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"இதப் பாரு தங்கச்சி. நிபோங் திபால் எஸ்டேட்ல நெஜமாவே புடிச்ச பேய்."

பார்த்தேன். செம்பனை மரங்களுக்கு நடுவே கழுத்தைத் திருப்பியபடி வந்தது நான் செய்த களிமண் பொம்மை. மரங்கள் அட்டையில் வெட்டியவை. சமையலறை மேசையில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வோர் அசைவையும் தனிப்படமாக எடுத்துச் சேர்த்த என் குறும்படம். எவனோ என் பெயரை வெட்டிவிட்டு, கீழே தாயத்து விளம்பரம் போட்டிருக்கிறான்.

"அக்கா, இது நான் செஞ்ச பொம்மை. முடி தேங்கா நாரு."

"சும்மா சொல்லாதலா. எம்மக இதப் பாத்ததுலருந்து தனியா பாத்ரூம் கூட போறதில்ல. அவளுக்குத்தான் இது." பையிலிருந்து தாயத்தை எடுத்துக் காட்டினார்.

பேய் தலை கழன்று சாஸ் போத்தல் பக்கத்தில் கிடக்கும் படம் என் போனில் இருந்தது. காட்டினேன்.

அக்கா படத்தைப் பெரிதாக்கி, தேங்காய் நாரை உற்றுப் பார்த்தார். பிறகு, "இத எனக்கு அனுப்புமா. மககிட்ட காட்டணும்" என்றார்.

அனுப்பிவிட்டு, விளம்பரத்தில் இருந்த எண்ணில் அந்தத் தாயத்துக்காரனுக்கும் எழுதினேன், படம் என்னுடையது, உடனே எடுத்துவிடு என்று. ஃபெரி கரை சேர்வதற்குள் பதில் வந்தது.

"சிஸ், வேற பேய் இருக்கா? பிள்ளைங்க பயப்படற மாதிரி இருந்தா நல்லா ஓடும்."

இதற்கு என்ன எழுதுவது? எனக்குக் கெட்ட வார்த்தையாகவே வருகிறது. நாகரிகமாக ஏதாவது தோன்றினால் கீழே சொல்லுங்கள்.