பெட்டி மேல் பெட்டி

எங்கள் தக்காளிக் கொட்டகையில் இரண்டு நீலப் பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிற்றால் கட்டப்பட்டு இன்னும் நிற்கின்றன. மேலே மடித்த சாக்கு. தரையில் குந்தியே காய் தரம் பிரிக்கும் மாரண்டஹள்ளிப் பக்கத்தில் இப்படியோர் ஆசனத்தை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

கட்டிவைத்தவர் தெரபிஸ்ட் மேடம். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றி, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிய பிறகு வந்தவர். நோயாளி தன் வேலையைத் தானே செய்ய வழி பண்ணுவதுதான் தன் தொழில் என்றார். எனக்குக் கண்டதுமே பிடிக்கவில்லை. இந்த நிலையில் இருப்பவரிடம், "என்ன வேல செய்ய ஆசைங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பவரை எப்படி நம்புவது? "தக்காளி பிரிக்கணும்" என்றார் அப்பா. பெற்றவனை இந்த நிலையிலும் வேலை வாங்குகிறான் என்று ஊர் என்னைத்தானே ஏசும்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அப்பாவிடம் சளி கட்டியிருக்கிறது என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். இந்த அம்மா உளறிவிட்டால் மனுஷன் அன்றைக்கே உடைந்துபோவார். அதனால் மேடம் வரும்போதெல்லாம் பக்கத்திலேயே காவல் நின்றேன். அவரோ அப்பாவை உயரமாக உட்காரவைத்து, மூச்சு வாங்கும் முன்பே கையை நிறுத்தப் பழக்கினார். அப்பா பிரித்துப் போட்டார்: பழம் உள்ளூர்ச் சந்தைக்கு, பாதி பழுத்த செங்காய் தூரத்து லாரிக்கு. ஒவ்வொரு பறிப்பிலும் கொஞ்சம் பச்சைக் காயை வைக்கோலில் மூடி வீட்டுக்கென்று பழுக்க வைப்பது அப்பாவின் வழக்கம். அப்பாவின் முகம் தெளிந்தது. எனக்கு அதிலும் சந்தேகம்தான்.

ஒரு காலை, தட்டிக்குப் பின்னால் பெட்டி அடுக்குவதுபோல் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"வூட்டுக்குப் பழமாவே எடுத்துக்கறேங்க மேடம். காய் பழுக்கறவரைக்கும் நான் எங்க இருக்கப் போறேன்?"

மேடம் உளறிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் கிளம்பும்போது வாசல் படலருகே மறித்தேன். "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. மொத நாளு நீங்க டீ வாங்கப் போனப்ப அவரே சொன்னாருங்க. 'எனக்குத் தெரியும்னு பையனுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டான்'னு கேட்டுக்கிட்டாருங்க."

அழுதுவிட்டேன். நான் அவருக்காகக் காவல் நின்ற நாளெல்லாம், அப்பா எனக்காகக் காவல் இருந்திருக்கிறார்.

அப்பா போய்விட்டார். அந்த மேடத்தை இப்போதும் முழுதாக நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெட்டிகளின் கயிற்றை அவிழ்க்கவில்லை. அவற்றின்மேல் உட்கார்ந்துதான் பிரிக்கிறேன். வீட்டுக்குக் காய் எடுத்து வைக்க மட்டும் கை வரவில்லை. பழமாகவே எடுத்துப் போகிறேன்.