விரல் யாரோடது?

தொலைக்காட்சியில் யாராவது படியில் தடுக்கி விழப் போனால், சோபாவில் உட்கார்ந்திருக்கும் பிரேக் அக்காவின் வலது கால் தரையை அழுத்தும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். மாணவருக்குப் பக்கத்து இருக்கையில், அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தக் கால் வீட்டுக்கு வந்தும் சும்மா இருப்பதில்லை. பால் பொங்கினாலும் மிதிக்கும், விருந்தாளிகள் முன் கணவர் வாயைத் திறந்தாலும் மிதிக்கும்.

"வண்டி தானா போயிடுச்சுக்கா" என்று கையைப் பிசைவார்கள், சுவரில் இடித்தவர்கள். அக்கா கத்த மாட்டார்.

"வண்டி தானா போகாது. கால் யாரோடது?"

"என்னோடதுதான்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அடுத்த பாடம். கற்க வந்தவர் வக்கீலாக இருந்தாலும் அதே சட்டம்தான்.

அப்பேர்ப்பட்டவர் குடியிருக்கும் கட்டடத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. குழாய் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், ஒழுகலைப் பார்க்கப் பின்சுவரில் ஏறினார். மாடி வீட்டு மாமா படம் பிடித்து, கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் "யாருப்பா இது?" என்று கேட்டார். பொழுது சாய்வதற்குள் அதே படம் "திருடன், உஷார்!" என்ற பட்டத்தோடு ஊரையே சுற்றிவிட்டது. அண்ணனை ஒரு வாசலிலும் சேர்க்கவில்லை. பிழைப்பு போனது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அவர் மகள் அழுதாள்.

அக்கா வீடு வீடாக ஏறினார். எங்கும் ஒரே பாட்டு: "எனக்கு வந்துச்சு, அனுப்பினேன்." ஒருவர் போன்மீதே பழியைப் போட்டார்: "கை பட்டு தானா போயிடுச்சுக்கா." உங்களுக்கு யார் அனுப்பியது, அவருக்கு யார் அனுப்பியது என்று விடாமல் கேட்டுக்கொண்டே போனவர், கடைசியில் தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார். படத்தோடு "திருடன்" சேர்த்த புண்ணியவான் அவருடைய கணவர்தான்!

"ஒரு சந்தேகத்துலதானே போட்டேன்? ஊரெல்லாம் பரப்பினது மத்தவங்கதானே?"

அக்கா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, போனை அவர் முன்னால் வைத்தார்.

"விரல் யாரோடது?"

மனுஷர் மின்விசிறியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "என்னோடதுதான்."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அனுப்பின இடத்துல எல்லாம் சொல்லுங்க. உங்க குரல்லயே சொல்லுங்க."

அவர் போனை எடுத்துக் குரல் பதிவை அழுத்தினார். "அவர் திருடன் இல்லீங்க, குழாய் சரிபண்ண வந்தவர். அப்படி எழுதினது நான்தான். தப்பு என்னோடது." படத்தை அனுப்பிய இடத்துக்கெல்லாம் அதையும் அனுப்பிவிட்டார்.

அவரே சொன்ன பிறகு மற்றவர்கள் எங்கே போய் ஒளிவது? மாடி மாமா பேசினார். கை பட்டுப் போன ஆசாமியும் பேசினார். "நானும் அனுப்பினேன், தப்பு என்னோடது" என்று ஒவ்வொரு குரலாக, படம் போன வழியெல்லாம் போனது. அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் காலையில் அண்ணனின் வண்டி முன்வாசலில் வந்து நின்றது. முன்னால் கருவிப்பெட்டி, பின்னால் பள்ளிச் சீருடையில் மகள். காவலாளி இரண்டு கதவையும் விரியத் திறந்தார். "வாங்கண்ணே, வாங்க!" என்று கணவர் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினார்.

சன்னலோர நாற்காலியிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வாசலைத் தாண்டி உள்ளே வரும்வரை தரையை அழுத்திக்கொண்டிருந்த வலது கால், மெல்ல மேலே எழும்பியது.